ஸ்டீல் கட், ரோல்டு, ஓட் பிரான், ஓட் ஃபைபர், இசப்கோல்: எந்த வயிற்றுக்கு எது?

ஓட்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு நார்ச்சத்து 10 கிராம் அளவில் போட்டிருக்கும். கேழ்வரகில் அதைவிடச் சற்று அதிகம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 11.18 கிராம். அப்படியானால் கேழ்வரகே போதுமே, ஓட்ஸ் எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் மொத்தக் கணக்கை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கேழ்வரகின் 11 கிராமில் தண்ணீரில் கரையும் நார் 1.67 கிராம்தான். ஓட்ஸின் 10 கிராமில் ஏறக்குறைய 4 கிராம் கரையக்கூடியது. மலம் இறங்குவதற்கு இரண்டுமே உதவும். சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென ஏறாமல் இருக்கவும், குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போடவும் ஓட்ஸின் கை ஓங்கியிருக்கும்.

இதே குழப்பம் ஓட்ஸுக்குள்ளேயும் உண்டு. ஓட் பிரான் (ஓட்ஸ் தவிடு), ஓட் ஃபைபர் என்று இரண்டு டப்பாக்கள் ஆன்லைன் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன. 100 கிராமுக்கு 15 முதல் 18 கிராம் நார் என்று ஒன்றிலும், 85 கிராமுக்கு மேல் என்று மற்றொன்றிலும் எழுதியிருக்கும். எண்ணைப் பார்த்து இரண்டாவதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வயிற்றுக்காக வாங்குவதென்றால் முதலாவதுதான் சரி. ஏன் என்று புரிய, ஒரு நாரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: தண்ணீரில் வழவழப்பாகிறதா, குடல் பாக்டீரியாவால் அதைத் தின்ன முடிகிறதா, துகள் எவ்வளவு பெரிது.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது

ஓட்ஸ் கஞ்சியின் குழகுழப்புக்குக் காரணம் பீட்டா-குளுக்கான். குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் பிணைப்பு வேறு மாதிரி இருப்பதால் நம் செரிமான நொதிகளால் பீட்டா-குளுக்கானை வெட்ட முடியாது. செல்லுலோஸில் எல்லாப் பிணைப்பும் ஒரே வகை என்பதால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. பீட்டா-குளுக்கானில் இடையிடையே வேறு வகைப் பிணைப்பு வந்து சங்கிலியை வளைக்கிறது. அந்த வளைவுகளில் தண்ணீர் புகுந்து கரைக்கிறது.

உமி நீக்கிய முழு ஓட்ஸ் மணியில் இது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம். தவிட்டை ஒட்டிய அடுக்கில் செறிவு கூடுதல் என்பதால் ஓட் பிரானில் 5.5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். பிரான் என்று சொல்லிக்கொள்ள அந்த 5.5 சதவீதமும், மொத்த நார் குறைந்தது 16 சதவீதமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தானிய வேதியியலாளர்கள் வகுத்த வரையறை.

வயிற்றில் இந்தக் குழம்பு உணவோடு கலந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சிறுகுடலில் குளுக்கோஸ் குடல் சுவரைத் தொடும் வேகத்தைக் குறைக்கிறது. பித்த அமிலங்களில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு கீழே போகிறது. பெருங்குடலை அடைந்ததும் கதை மாறுகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் பீட்டா-குளுக்கானைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்ரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இந்த பியூட்ரேட்தான். கூடவே வாயுவும் உண்டாகும். அதைத் தவிர்க்க வழியில்லை, அளவாக வைத்துக்கொள்ளலாம்.

மலச்சிக்கலுக்காக ஓட்ஸ் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது: அந்த வழவழப்பு பெருங்குடலின் முதல் பகுதியிலேயே தின்று தீர்க்கப்படுகிறது, மலம் வரை அது போய்ச் சேர்வதில்லை. ஓட்ஸ் மலத்தின் அளவைக் கூட்டுவது பெருகிய பாக்டீரியாவின் எடையாலும், கரையாத மீதி நாராலும்தான்.

வீட்டில் மூன்று டம்ளர்

மூன்று கண்ணாடி டம்ளர்களில் 150 மில்லி வெந்நீர் எடுத்து, ஒன்றில் ஓட் பிரான், ஒன்றில் ஓட் ஃபைபர், ஒன்றில் இசப்கோல் உமி, ஆளுக்கொரு டேபிள்ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பிரான் டம்ளரில் தண்ணீர் பால் போலக் கலங்கி, விரலில் தொட்டால் வழுக்கும். ஓட் ஃபைபர் தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஆனால் நீரில் வழவழப்பு வராது. வடித்துப் பார்த்தால் ஈரமான மரத்தூள் போன்ற ஒன்று மிஞ்சும். இசப்கோல் கூழாகி டம்ளரைச் சாய்த்தாலும் கட்டியாக நகரும். லேபிளில் மூன்றுக்கும் ‘நார்ச்சத்து’ என்ற ஒரே வரிதான்.

ஓட்ஸின் வடிவங்கள்: வெட்டியதா, தட்டியதா, பொடித்ததா

ஸ்டீல் கட் என்பது மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. ரோல்டு என்பது ஆவியில் வேகவைத்து உருளையில் தட்டியது. குயிக், இன்ஸ்டன்ட் இரண்டும் இன்னும் மெல்லியதாகத் தட்டியவை அல்லது முன்பே வேகவைத்தவை. நாரின் அளவில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. மாறுவது செரிக்கும் வேகம். 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு ஸ்டீல் கட்டுக்கு 55, பெரிய இதழ் ரோல்டுக்கு 53, குயிக்குக்கு 71, இன்ஸ்டன்ட்டுக்கு 75 என்று வந்தது. ஆக, ஸ்டீல் கட்டுக்கும் தடிமனான ரோல்டுக்கும் இடையே சர்க்கரை விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஸ்டீல் கட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மென்று சாப்பிடும் சுகத்துக்கு. அது பிடித்தால் வாங்கலாம், வயிற்றுக்காக வாங்கத் தேவையில்லை. கோடு விழுவது ரோல்டுக்கும் குயிக்குக்கும் நடுவில். ரோல்டை மிக்சியில் நைஸாகப் பொடித்து தோசை வார்த்தால் நீங்களே அந்தக் கோட்டைத் தாண்டி விட்டீர்கள்.

வயிறு உப்பும் வாகு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் பிரச்சினைக்கான குறை-ஃபாட்மேப் (குடலில் எளிதில் நொதித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும்) உணவு முறையை உருவாக்கிய மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் ரோல்டு ஓட்ஸை ஒரு வேளைக்கு சுமார் 50 கிராம் வரை பாதுகாப்பான பட்டியலில் வைத்திருக்கிறது. குயிக் ஓட்ஸுக்கு அதில் பாதிக்கும் குறைவு.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை இந்தப் போட்டியில் சேர்க்க மனம் வரவில்லை. அது உப்பு போட்ட சிற்றுண்டி. ஓட்ஸ் பாலும் அப்படித்தான், வடிகட்டியபின் பெரும்பகுதி நார் சக்கையோடு போய்விடுகிறது.

ஓட் பிரான்

நார் வாங்கத்தான் காசு கொடுக்கிறோம் என்றால் ஓட்ஸ் குடும்பத்தில் இதுதான் முதலிடம். கணக்குப் போட்டால் தெரியும். ரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) குறைய நாளுக்கு 3 கிராம் பீட்டா-குளுக்கான் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் ஏற்றுக்கொண்ட அளவு. ரோல்டு ஓட்ஸில் அது கிடைக்க ஏறக்குறைய 75 கிராம் வேண்டும், அதாவது இரண்டு கிண்ணம் கஞ்சி. பிரானில் 45 முதல் 55 கிராம் போதும்.

சர்க்கரைக்கு அளவுகோல் இன்னும் கறார். 30 கிராம் செரிக்கும் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா-குளுக்கான் இருந்தால்தான் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என 2011-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்தது. வெறும் ரோல்டு ஓட்ஸ் அதில் பாதியைத்தான் எட்டும். பிரானைச் சேர்க்கும்போதுதான் விகிதம் மேலே போகிறது. கஞ்சியில் வாழைப்பழமும் பேரீச்சையும் தேனும் போட்டால் விகிதம் மறுபடி கீழே இறங்கிவிடும்.

பிரானில் கெட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஓட்ஸில் கொழுப்பு 6, 7 சதவீதம், அரிசியையும் கோதுமையையும் விட அதிகம். அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியை அடக்கத்தான் ஆலையில் மணியை ஆவியில் வாட்டுகிறார்கள். அப்படியும் திறந்த பாக்கெட் நம் ஊர் வெயிலில் நாளடைவில் காறல் வாடையடித்து, நாக்கில் சோப்புக் கசப்பாகத் தங்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய பாக்கெட் லாபம் என்று வாங்காதீர்கள்.

ஓட் ஃபைபர்

இது உமி. ஓட்ஸ் மணியின் எடையில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலான மேல் உமியைச் சுத்தம் செய்து நைஸாக அரைத்தது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என எல்லாமே கரையாத வகை. பீட்டா-குளுக்கான் அநேகமாக இல்லை. பாக்டீரியாவாலும் இதைப் பெரிதாக உடைக்க முடியாது.

கரையாத நார் என்றால் மலச்சிக்கலுக்கு நல்லது என்ற பொதுவான நம்பிக்கை பாதிதான் சரி. பெரிய, கரடான துகள்கள் குடல் சுவரை உரசும்போது அது நீரையும் சளியையும் சுரக்கிறது. மலம் இளகுவது அதனால்தான். அதே பொருளை மாவாக அரைத்துவிட்டால் அந்த உரசல் போய்விடுகிறது. கோதுமைத் தவிட்டில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: கரடான தவிடு மலத்தை இளக்கியது, நைஸ் தவிடு மலத்தில் நீரின் பங்கைக் குறைத்து இறுக்கியது. ஓட் ஃபைபர் டப்பாவில் இருப்பது டால்கம் பவுடர் அளவு நைஸ். மலச்சிக்கலுக்கு என்று இதை மோரில் கலக்கிக் குடித்துவிட்டு இன்னும் இறுகுகிறதே என்று திகைப்பவர்களுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ரொட்டி, பிஸ்கட்டில் கலோரியைக் குறைக்க, மாவின் ஒரு பங்குக்கு மாற்றாகப் போட இது அருமையான பொருள். அந்த வேலைக்கே வாங்குங்கள்.

இசப்கோலோடு வைத்துப் பார்த்தால்

குஜராத், ராஜஸ்தானில் விளையும் இசப்கோலும் கூழாகும் நார்தான். ஆனால் பாக்டீரியாவால் இதை அதிகம் தின்ன முடியாது. பெருங்குடலின் கடைசி வரை கூழாகவே போகிறது, பிடித்த தண்ணீரை விடாமல். இறுகிய மலத்தை இளக்குவதும், தண்ணீராகப் போகும் மலத்தைக் கட்டுவதும் ஒரே பொருளால் நடப்பது இதனால்தான்.

ஒரு கிராம் நாருக்கு மலத்தின் எடை எவ்வளவு கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பழைய கணக்கு ஒன்று உண்டு. கோதுமைத் தவிட்டுக்கு 5 கிராமுக்கு மேல், இசப்கோலுக்கு சுமார் 4, ஓட்ஸுக்கு 3.4, பழங்களின் பெக்டினுக்கு 1 கிராமுக்குச் சற்று மேல். எடையில் தவிடு முந்தினாலும், உப்புசமும் வலியும் உள்ளவர்களுக்குக் கரடான தவிடு ஒத்துக்கொள்வதில்லை. அங்கே இசப்கோல்தான் கை கொடுக்கும். வாயுவும் அதில் குறைவு.

ஆனால் பாக்டீரியா தின்னாத நார் பியூட்ரேட்டாகவும் மாறாது. குடலின் நலம் என்று நீண்ட காலக் கணக்கில் பார்ப்பவருக்கு இசப்கோல் மட்டும் போதாது.

முடிவெடுக்க

மலச்சிக்கல் மட்டும்தான் பிரச்சினை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறது, அதுவும் கட்டியாக: இசப்கோல். இரவில் ஒரு டீஸ்பூனில் தொடங்கி இரண்டு மூன்று டீஸ்பூன் வரை. ஒவ்வொரு முறையும் 240 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் ஆபத்தானது, தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் சாப்பிடலாம், ஆனால் கஞ்சியை மருந்தாக நம்ப வேண்டாம்.

மலம் ஒழுங்காகப் போகிறது, சர்க்கரையும் கொழுப்பும் எல்லைக்கோட்டில் நிற்கின்றன: 40 கிராம் ரோல்டு ஓட்ஸோடு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் ஓட் பிரான். ஒரு டேபிள்ஸ்பூன் பிரான் ஏறக்குறைய 6 கிராம். இப்படிச் சாப்பிட்டால் காலையிலேயே இரண்டு கிராமுக்கு மேல் பீட்டா-குளுக்கானும் 6 கிராம் அளவு நாரும் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு நாளுக்கு 25 கிராம். மீதியைப் பருப்பும் கீரையும் காயும் கேழ்வரகும் பார்த்துக்கொள்ளும்.

எப்போதும் வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது: ரோல்டு ஓட்ஸ், 30 கிராமுக்கு மேல் வேண்டாம், பிரான் இப்போதைக்கு வேண்டாம், பாலுக்குப் பதில் தண்ணீர். ஓட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அதில் ஊற்றிய பால்தான். ஒரு வாரம் தண்ணீரில் காய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓட்ஸ் ருசியே பிடிக்கவில்லை என்றால் பார்லி இருக்கிறது. அதே பீட்டா-குளுக்கான், அளவும் ஓட்ஸுக்குக் குறையாது, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பார்லியை வேகவைத்து வடித்த தண்ணீரை மட்டும் குடித்தால் நாரில் பாதி பாத்திரத்திலேயே நின்றுவிடும். மணியையும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

காய்ச்சும் விதத்தில் கோட்டை விடுவது

பீட்டா-குளுக்கான் வேலை செய்ய அது செல் சுவரிலிருந்து வெளியே வந்து கரைய வேண்டும். சங்கிலி நீளமாகவும் இருக்க வேண்டும். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 22 லட்சம் மூலக்கூறு எடையுள்ள பீட்டா-குளுக்கானோடு ஒப்பிட்டால் 2.1 லட்சமாகச் சிதைந்த குட்டைச் சங்கிலியின் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் திறன் பாதியாகிப்போனது. கிராம் கணக்கு மட்டும் போதாது என்று அதில் தெளிவானது.

கரைய வைப்பது சூடும் நேரமும். 40 கிராம் ரோல்டுக்கு 240 மில்லி தண்ணீர், சிறு தீயில் ஆறேழு நிமிடம். கரண்டியைத் தூக்கினால் கஞ்சி சொட்டாமல் இழையாக இறங்க வேண்டும், அதுதான் பதம். பிரானைத் தீயை அணைக்க இரண்டு நிமிடம் முன்பு தூவிக் கிளறினால் கட்டி தட்டாது. ஸ்டீல் கட்டை ராத்திரி ஊறவைத்து நாலு மடங்கு தண்ணீரில் அரை மணி நேரம் வேகவிடலாம். குக்கர் என்றால் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இல்லையென்றால் நுரை பொங்கி வெயிட் வழியாக வரும், துவாரத்தையும் அடைக்கும். ஊறவைத்துக் காய்ச்சாமல் சாப்பிடும் ஓவர்நைட் ஓட்ஸ் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை, வழவழப்பு மட்டும் காய்ச்சியதைவிடக் குறைவு.

சங்கிலியை வெட்டுவது கோதுமை மாவு. அதில் பீட்டா-குளுக்கானை உடைக்கும் நொதி இருக்கிறது, ஓட்ஸிலோ ஆலையில் வாட்டும்போதே அது செயலிழந்துவிடுகிறது. ஓட் பிரான் கலந்து சப்பாத்தி மாவு பிசைந்து மணிக்கணக்கில் ஊறவிட்டால் நொதிக்கு அவகாசம் கொடுக்கிறோம். பிசைந்த அரை மணிக்குள் சுட்டுவிடுவது மேல். ஈஸ்ட் போட்டுப் பொங்கவிடும் பிரெட்டில் இந்த இழப்பு இன்னும் அதிகம். பிரான் சேர்த்துச் சுட்டதை ஃபிரீசரில் வாரக்கணக்கில் வைத்தாலும் கரையும் பங்கு குறைகிறது.

தொடங்கும் வேகம்

வாயு தொல்லையில் பாதி அவசரத்தால் வருவது. நேற்றுவரை இட்லியும் வெள்ளைச் சோறும் சாப்பிட்ட குடலுக்கு இன்று 80 கிராம் ஓட்ஸ் போட்டால் பாக்டீரியா கொண்டாடும், நீங்கள் அவஸ்தைப்படுவீர்கள். முதல் வாரம் 20 கிராம் ரோல்டு, இரண்டாம் வாரம் 40, மூன்றாம் வாரம் ஒரு டேபிள்ஸ்பூன் பிரான், அதன்பின் வாரத்துக்கு ஒரு ஸ்பூன். எந்தக் கட்டத்திலாவது உப்புசம் நான்கைந்து நாள் நீடித்தால் முந்தைய அளவுக்கு இறங்கி அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள். தண்ணீரைக் கூட்டாமல் பிரானை மட்டும் கூட்டினால் மலம் இறுகும். குடலில் பிரான் கட்டியாகி அடைத்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இரைப்பை மெதுவாகக் காலியாகும் நோயுள்ள நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், க்ரோன் என்ற குடல் அழற்சி நோயால் குடல் குறுகியவர்கள், வயிற்றில் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிரானையோ இசப்கோலையோ தொட வேண்டாம். கோதுமையின் குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஓட்ஸின் புரதத்தைவிடப் பெரிய தொல்லை, வயலிலும் ஆலையிலும் அதில் கலந்துவிடும் கோதுமையும் பார்லியும். அவர்களுக்கு குளூட்டன் இல்லாதது என்று சான்று பெற்ற பாக்கெட் மட்டுமே, அதுவும் மருத்துவர் பார்வையில். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பதைத் தாண்டியபின் திடீரென மாறிய மலப்போக்கு என்றால் நாரை எண்ணிக்கொண்டிருக்கும் நேரமல்ல, பரிசோதனைதான் முதலில்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி குடிக்க வேண்டும், நார் அந்த மருந்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரையை ஓட்ஸ் சாப்பிடும் வேளையிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ஓட்ஸில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, அதை உடைக்கும் நொதி ஆலை வாட்டலிலேயே போய்விடுவதால் ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் பெரிதாகக் குறையாது.